சனிக்கிழமை மூன்று மணி ஸ்கோன்

சென்னையில் இருக்கும் தோழி ஒருத்தி போன வாரம் ஏதோ ஒரு ஓட்டலில் ஸ்கோன், அதாவது இங்கிலாந்தில் டீயோடு சாப்பிடும் குட்டி வட்ட ரொட்டி, சாப்பிட்டிருக்கிறாள். "காய்ஞ்சு போன பன்னு மாதிரி இருந்துச்சுடி, இதுக்கா இவ்வளவு பேச்சு?" என்று போனில் கேட்டாள். எனக்கு மனசு கேட்கவில்லை. சுட்டு எத்தனை மணி நேரம் ஆனது என்று விசாரித்தாயா என்றேன். அதையெல்லாம் யார் விசாரிப்பார்கள் என்றாள். விசாரிக்க வேண்டும். தோசையை எப்போது ஊற்றினார்கள் என்பது எவ்வளவு முக்கியமோ, ஸ்கோனுக்கும் அது அவ்வளவு முக்கியம். அவளுக்காகத்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகவே போகும்.

நான் இருப்பது பிளிமத்தில், இங்கிலாந்தின் தென்மேற்கு மூலை. ஊருக்கு மேற்கே டாமர் ஆறு ஓடுகிறது. ஆற்றுக்கு இந்தக் கரை டெவன், அந்தக் கரை கார்ன்வால். ஸ்கோனை எப்படிச் சாப்பிடுவது என்பதில் இந்த இரண்டு கரைக்கும் ஒரு தீராத வழக்கு உண்டு, அதை அப்புறம் சொல்கிறேன்.

ஆற்றை ஒட்டி எங்கள் பக்கம் ஒரு கிராமம். அங்கே சர்ச்சுக்குப் பக்கத்தில் ஒரு பொதுக்கூடம். மே முதல் செப்டம்பர் வரை மாதம் இரண்டு சனிக்கிழமை, மதியம் மூன்று மணிக்கு அந்தக் கூடத்தில் க்ரீம் டீ போடுவார்கள். சர்ச் கூரை பழுதுபார்க்கப் பணம் சேர்க்கத்தான் ஆரம்பித்தார்கள், கூரை சரியான பிறகும் நிறுத்தவில்லை. ஆளுக்கு இரண்டு ஸ்கோன், ஒரு கிண்ணம் ஸ்ட்ராபெரி ஜாம், ஒரு கிண்ணம் க்ளாட்டட் க்ரீம் என்ற கட்டியான க்ரீம், வேண்டுமளவு டீ. சமையலறையில் நாலைந்து பேர், எல்லோரும் எழுபது தாண்டிய பெண்கள். என் பெண்ணின் பள்ளித் தோழியுடைய பாட்டி அதில் ஒருவர், அவர் கூப்பிட்டுத்தான் முதல் தடவை போனேன்.

வெறும் கையோடு போகக்கூடாது என்று காலையிலேயே எழுந்து வீட்டில் இருபத்துநாலு ஸ்கோன் சுட்டு, டப்பாவில் அடுக்கி எடுத்துக்கொண்டு போனேன். சமையலறைக்குத் தலைவி மாதிரி ஒரு அம்மா இருந்தார், அப்போதே எண்பது வயது. ஒன்றைக் கையில் எடுத்தார். கட்டைவிரலால் பக்கவாட்டில் லேசாக அழுத்திப் பார்த்தார். "எப்போ சுட்டது?" என்று கேட்டார். காலையில் ஒன்பது மணிக்கு என்றேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், மணி இரண்டு. ஒன்றும் சொல்லாமல் டப்பாவை மூடி ஓரமாக வைத்துவிட்டு, ஒரு ஏப்ரனை எடுத்து என் கையில் கொடுத்தார். "கையைக் கழுவிட்டு வா, மை லவர்." இந்தப் பக்கம் வயதானவர்கள் யாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், நம் ஊர் ஆச்சிகள் கண்ணு, ராசாத்தி என்று சொல்வதைப் போல.

அன்றைக்கு எனக்கு முகம் சுண்டித்தான் போனது. ஆனால் அடுத்த ஒரு மணி நேரத்தில் அவர் பக்கத்தில் நின்று பார்த்ததுதான் ஸ்கோன் பற்றி எனக்குத் தெரிந்த எல்லாமே.

அளவு சொல்லிவிடுகிறேன். அவர் இன்னும் பவுண்டு, அவுன்ஸ் கணக்குதான். ஒரு பவுண்டு மாவு, நாலு அவுன்ஸ் வெண்ணெய், இரண்டு அவுன்ஸ் சர்க்கரை, அரை பைண்ட் பால், ஒரு சிட்டிகை உப்பு. நம் கணக்கில் 450 கிராம் மாவு, 110 கிராம் வெண்ணெய், 55 கிராம் சர்க்கரை, 280 மில்லி பால். மாவு என்றால் செல்ஃப் ரெய்சிங் மாவு, அதாவது பேக்கிங் பவுடர் ஏற்கெனவே கலந்தது. முட்டை சேர்ப்பவர்களும் உண்டு, இவர் சேர்ப்பதில்லை.

வெண்ணெய் ஃப்ரிட்ஜிலிருந்து அப்போதுதான் எடுத்ததாக இருக்க வேண்டும். சின்னச் சின்னத் துண்டாக வெட்டி மாவில் போட்டு, விரல் நுனியால் மட்டும் பிசிற வேண்டும். இங்கேதான் எனக்கு ஒரு சந்தோஷம். நான் நாகர்கோவில்காரி. புட்டுக்கு மாவு பிசிறுவதை அம்மாவின் கையைப் பார்த்தே வளர்ந்தவள். மாவை அள்ளி, விரல் நுனியில் உரசி, கொஞ்சம் உயரத் தூக்கி, பாத்திரத்தில் உதிர விடுவது. அதே கை, அதே அசைவு. புட்டில் தண்ணீர் தெளித்துப் பிசிறுகிறோம், இங்கே வெண்ணெயை வைத்து. உள்ளங்கை படக்கூடாது, உள்ளங்கையில் சூடு அதிகம், வெண்ணெய் உருகிவிடும். வெண்ணெய் உருகாமல் துணுக்குத் துணுக்காக மாவுக்குள் இருந்தால்தான் ஓவனில் அது உருகும்போது உள்ளே இடைவெளி விழுந்து ஸ்கோன் பொலபொலவென்று வரும். நான் பிசிறுவதைப் பார்த்துவிட்டு அந்த அம்மா, "இதை யார் சொல்லிக் கொடுத்தா?" என்று கேட்டார். புட்டு என்றால் என்னவென்று அவருக்கு விளக்க எனக்குப் பத்து நிமிஷம் ஆனது.

அப்புறம் சர்க்கரையும் உப்பும். அதற்குப் பிறகு நடுவில் குழி பறித்துப் பாலை மொத்தமாக ஒரே தடவையில் ஊற்ற வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் அத்தனை தடவையும் கிளற வேண்டி வரும், அது ஆகாது. கையைக்கூட விடுவதில்லை, சாப்பாட்டு மேஜையில் வைக்கும் மொட்டைக் கத்தியால் நாலு சுற்று. மாவு இன்னும் ஒட்டிக்கொண்டு, பார்க்க அரைகுறையாக இருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும். நமக்கு இதுதான் கஷ்டம். சப்பாத்தி பிசைந்த கை சும்மா இருக்காது, இன்னும் ரெண்டு தடவை உருட்டினால் பளபளவென்று வருமே என்று கை பரபரக்கும். உருட்டக்கூடாது. புரோட்டாவுக்கு மாவை அடித்துப் பிசைந்து ஊறவைப்பது அதில் இழுவை வருவதற்காக. ஈரம் பட்ட கோதுமை மாவை எவ்வளவு பிசைகிறோமோ அவ்வளவு பசை கூடும். புரோட்டாவுக்கு அந்த இழுவைதான் உயிர், ஸ்கோனுக்கு அதுதான் எமன். காலையில் நான் சுட்டுக்கொண்டு போனது பாதி இதனால்தான் கெட்டது, பொறுப்பாகச் செய்கிறேன் என்று ஐந்து நிமிஷம் பிசைந்திருந்தேன்.

பலகையில் மாவு தூவி, அந்த உருண்டையைக் கொட்டி, இரண்டு தடவை மடித்து, கையாலேயே தட்டிப் பரப்புவார். பூரிக்கட்டை வேண்டாம். கனம் ஆள்காட்டி விரலின் ஒரு கணு அளவு, இரண்டரை சென்டிமீட்டர் இருக்கும். ஸ்கோன் எழும்பும், ஆனால் இல்லாத உயரத்துக்கு எழும்பாது. மெல்லியதாகத் தட்டினால் பிஸ்கட்தான். வட்ட அச்சை மாவில் தோய்த்து, நேராகக் கீழே அழுத்தி, நேராக மேலே எடுக்க வேண்டும். திருகக்கூடாது. அன்றைக்கு நான் பழக்க தோஷத்தில் லேசாகத் திருகினேன், உடனே என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். திருகினால் ஓரம் நசுங்கி ஒட்டிக்கொள்ளும், ஒரு பக்கம் எழும்பும், ஒரு பக்கம் எழும்பாது, சாய்ந்து நிற்கும். அதே காரணத்துக்காக மேலே பால் தடவும்போதும் ஓரத்தில் வழியவிடக் கூடாது. தட்டில் வைக்கும்போது தள்ளித் தள்ளி வைக்காமல் நெருக்கி வைத்தால் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து நேராக எழும்பும். 220 டிகிரி, பன்னிரண்டு நிமிஷம்.

வெளியே எடுத்ததும் நடுவில் பக்கவாட்டாக ஒரு வெடிப்பு ஓடியிருக்கும். அந்த வெடிப்பில் இரண்டு கட்டைவிரலையும் வைத்துத் திறந்தால் கத்தியே இல்லாமல் மேல்பாதியும் கீழ்பாதியும் தனியாக வர வேண்டும். ஆவி ஒரு நொடி முகத்தில் படும். உள்ளே வெள்ளையாக, உரித்த நுங்கு போல வழவழப்பாக இல்லாமல், இட்லியைப் பிட்டால் தெரியுமே அந்த மாதிரி சொரசொரப்பாக இருக்கும். அதுதான் ஸ்கோன். என் தோழி சாப்பிட்டது வேறு ஏதோ.

இந்தப் பண்டம் பிறந்த இடம் ஸ்காட்லாந்து. 1513இல் கேவின் டக்ளஸ் என்ற ஸ்காட்லாந்துக் கவிஞர் வர்ஜிலின் லத்தீன் காவியத்தைத் தன் மொழியில் பெயர்த்து முடித்தார், அதில் இந்தச் சொல் வருகிறது, கிடைத்திருப்பதில் பழைய சான்று அதுதான். ஆனால் அன்றைய ஸ்கோன் இன்றைய ஸ்கோன் இல்லை. ஓட்ஸ் அல்லது பார்லி மாவில் வட்டமாகத் தட்டி, இரும்புக் கல்லில் சுட்டு, நாலு துண்டாகப் போடுவது. அவர்கள் அந்தக் கல்லை கர்டில் என்பார்கள். ஒரு அருங்காட்சியகத்தில் பார்த்தேன், அசல் தோசைக்கல், மேலே தூக்க ஒரு வளைந்த கைப்பிடி வைத்தது, அவ்வளவுதான் வித்தியாசம். ஓவன் எல்லாம் பணக்கார வீட்டுச் சமாச்சாரம், ஏழை வீட்டில் அடுப்பும் கல்லும்தான்.

அந்தத் தட்டையான ரொட்டி இப்படி எழும்பி நிற்கக் காரணம் ஆப்பச் சோடாதான். 19ஆம் நூற்றாண்டில் அது வீட்டுச் சமையலுக்கு வந்தது. பர்மிங்ஹாமில் ஆல்ஃப்ரெட் பேர்ட் என்று ஒரு மருந்துக் கடைக்காரர். அவர் மனைவிக்கு முட்டையும் ஆகாது, ஈஸ்ட்டும் ஆகாது. மனைவிக்காக 1837இல் முட்டை இல்லாத கஸ்டர்ட் பவுடரைச் செய்தார், நம் வீட்டு ஃப்ரூட் சாலட்டில் ஊற்றுகிறோமே அதேதான். 1843இல் ஈஸ்ட் இல்லாமல் ரொட்டி எழும்ப பேக்கிங் பவுடர் செய்தார். இந்தக் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். வீட்டில் ஒருத்திக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரு மனுஷன் மெனக்கெட்டதில் உலகத்துக்கே இரண்டு டப்பா கிடைத்தது. இரண்டு வருஷம் கழித்து, 1845இல், பிரிஸ்டலில் ஹென்றி ஜோன்ஸ் அந்தப் பொடியை மாவோடே கலந்து செல்ஃப் ரெய்சிங் மாவு என்று காப்புரிமை வாங்கினார். பிரிஸ்டல் எங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேரம்தான்.

பேக்கிங் பவுடரில் ஆப்பச் சோடாவும் ஒரு புளிப்புப் பொருளும் இருக்கின்றன. ஈரம் பட்டதும் இரண்டும் சேர்ந்து நுரைக்க ஆரம்பித்துவிடும். பாலை ஊற்றிய நிமிஷத்திலிருந்து கடிகாரம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடத்தில் பால் ஊற்றியபிறகு யாரும் பேசமாட்டார்கள், தட்டு ஓவனுக்குள் போய்க் கதவு மூடிய பிறகுதான் விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடரும்.

கல்லில் சுடும் பழைய வழக்கமும் ஸ்காட்லாந்தில் முழுக்கப் போய்விடவில்லை. ட்ராப் ஸ்கோன் என்று ஒன்று உண்டு, மாவைக் கரைத்துக் கல்லில் கரண்டி கரண்டியாக ஊற்றிச் சுடுவது, குட்டி ஊத்தப்பம் அளவு. 1959 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் ஐசனோவர் பால்மோரல் அரண்மனைக்கு வந்தபோது எலிசபெத் ராணி அதைக் கொடுத்திருக்கிறார், செய்முறையும் தருவதாகச் சொல்லியிருக்கிறார். 1960 ஜனவரியில் பத்திரிகையில் ஐசனோவர் காடை வாட்டும் படத்தைப் பார்த்ததும் அந்த வாக்கு நினைவுக்கு வந்து, கடிதத்தோடு செய்முறையை அனுப்பினார். பதினாறு பேருக்கான அளவு, ஆள் குறைந்தால் மாவையும் பாலையும் குறைத்துக்கொள்வேன் என்ற குறிப்போடு. நாட்டுக்கு ராணி என்றாலும் சமையல் குறிப்பு எழுதும் தோரணை நம் அத்தை சித்தி எழுதுவது மாதிரிதான் இருக்கிறது.

சரி, மாலை டீ விஷயத்துக்கு வருகிறேன். 1840 வாக்கில் பெட்ஃபோர்டின் ஏழாவது டச்சஸ் அன்னா என்ற சீமாட்டி, மதியச் சாப்பாட்டுக்கும் எட்டு மணி ராச்சாப்பாட்டுக்கும் நடுவில் பசி தாங்காமல் அறைக்கே டீயும் ரொட்டியும் வரவழைத்துச் சாப்பிட ஆரம்பித்தார், பிறகு தோழிகளையும் கூப்பிட்டார், அது பெரிய வீட்டுப் பழக்கமாகிப் பிறகு ஊர்ப் பழக்கமானது என்பார்கள். இதை ஹை டீ என்று நம் ஊர் ஓட்டல்களில் பலகை வைக்கிறார்களே, அது தப்பு. ஹை டீ என்பது ஆலையிலும் சுரங்கத்திலும் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் ஆறு மணிக்குச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, இறைச்சியோடு வயிறாரச் சாப்பிட்டது. மூன்றடுக்குத் தட்டில் விரல் அளவு சாண்ட்விச்சும் கேக்கும் ஸ்கோனும் வருவது ஆஃப்டர்நூன் டீ. வெறும் ஸ்கோன், ஜாம், க்ரீம், டீ மட்டும் என்றால் அது க்ரீம் டீ, எங்கள் பக்கத்து வழக்கம்.

அந்த மூன்றடுக்குத் தட்டு மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அம்மா அப்பா வந்திருந்தபோது லண்டனில் ஒரு பெரிய ஓட்டலுக்கு ஆசையாகக் கூட்டிக்கொண்டு போனேன். நாலு பேருக்கு இருநூறு பவுண்டுக்கு மேல் ஆனது. துணியில் பொதிந்து ஸ்கோன் வந்தது, தொட்டால் சுட்டது. பிட்டால் பிய்யவில்லை, இழுத்தது. மைக்ரோவேவில் சூடு பண்ணியது. இரண்டு நிமிஷத்தில் ரப்பர் ஆகிவிட்டது. அம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு மக்கா" என்றாள், என் மனசு நோகக்கூடாது என்று. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

ஸ்கோனில் கேக் அளவுக்கு வெண்ணெயும் சர்க்கரையும் கிடையாது. அவை இருந்தால்தான் பண்டம் நாலு நாள் மெத்தென்று தாங்கும். ஸ்கோன் பெரும்பாலும் மாவும் பாலும்தான், ஆற ஆற மாவுச்சத்து இறுக ஆரம்பித்துவிடும், சோறு ஆறினால் விறைக்கிறதே அதே கதை. சுட்ட ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிட்டால் அமிர்தம், மூன்று மணி நேரம் வரை பரவாயில்லை, சாயங்காலம் வெறும் மாவு. கூடத்தில் அந்த அம்மா கணக்கு வைத்திருப்பார். மூன்று மணிக்குக் கதவு திறந்தால், இரண்டே முக்காலுக்கு முதல் தட்டு ஓவனுக்குள் போக வேண்டும், அதற்குப் பிறகு இருபது நிமிஷத்துக்கு ஒரு தட்டு. மொத்தமாகச் சுட்டு அடுக்கவே மாட்டார். வந்தவர்கள் காத்திருக்கலாம், அவர்களுக்கு டீ கொடுத்துப் பேசிக்கொண்டிருக்கலாம். ஸ்கோனைக் காக்க வைக்கக்கூடாது.

க்ளாட்டட் க்ரீமைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கடைகளில் கிடைக்கும் அடித்த க்ரீம் இல்லை இது. கொழுப்பெடுக்காத பாலையோ க்ரீமையோ அகலமான தட்டில் ஊற்றி, கொதிக்கவிடாமல் மணிக்கணக்கில் மெல்லிய சூட்டில் வைத்து, அசைக்காமல் ஆறவிட்டால் மேலே கட்டிக்கட்டியாகத் திரளும். சரியாகச் சொன்னால் பாலாடைதான், ஒரு விரற்கடை கனத்துக்குத் திரண்ட பாலாடை. மேலே பொன்னிறத்தில் ஒரு மேலோடு, காய்ச்சிய பாலின் வாசனை, அடியில் வெண்ணெய்க்கும் க்ரீமுக்கும் நடுவான ஒரு பதம். கார்னிஷ் க்ளாட்டட் க்ரீம் என்ற பெயருக்கு 1998இலிருந்து சட்டப் பாதுகாப்பு உண்டு, கார்ன்வால் பாலில் செய்து குறைந்தது 55 சதவீதம் கொழுப்பு இருந்தால்தான் அந்தப் பெயரைப் போடலாம். சின்ன வயதில் பால் ஆடைக்கு நானும் தம்பியும் சண்டை போட்டதை நினைத்துக்கொள்வேன். அந்த ஆடைக்கு ஒரு நாடே பாத்திரம் ஏந்தி உட்கார்ந்திருக்கிறது என்று அப்போது தெரியாது.

ஜாமும் இந்தப் பள்ளத்தாக்கின் சொத்துதான். டாமர் ஆற்றின் சரிவுகள் தெற்கு வெயில் வாங்குபவை, மற்ற இடங்களை விட முன்னாலேயே ஸ்ட்ராபெரி பழுத்துவிடும். 1859இல் பிரூனெல் என்ற பொறியாளர் சால்டாஷில் ஆற்றின் மேல் ரயில் பாலம் கட்டியதும் இந்தப் பழம் ரயிலேறி லண்டன் கோவென்ட் கார்டன் சந்தைக்குப் போக ஆரம்பித்தது. 1908இல் கால்ஸ்டாக்கில் பன்னிரண்டு வளைவோடு இன்னொரு பாலம் வந்தது, இன்றைக்கும் சின்ன ரயில் அதன் மேல் ஊர்ந்து போவதைக் கீழே படகுத்துறையில் நின்று பார்க்கலாம். பெரிய தோட்டங்கள் எல்லாம் போய்விட்டன. கூடத்துக்கு ஜாம் போடும் பெண்மணி, தன் தாத்தா பழக் கூடையை ரயிலடிக்குச் சுமந்த கதையை ஒவ்வொரு ஜூனிலும் சொல்வார். ஸ்ட்ராபெரி ஜாம் சுலபத்தில் கட்டியாகாது, அதற்கு எலுமிச்சைச் சாறு பிழிந்துதான் காய்ச்ச வேண்டும். அவர் ஜாமில் பழம் முழுசு முழுசாகக் கிடக்கும்.

இப்போது வழக்குக்கு வருவோம். டெவன்காரர்கள் முதலில் க்ரீம், அதன் மேல் ஜாம். கார்ன்வால்காரர்கள் முதலில் ஜாம், அதன் மேல் க்ரீம். வேடிக்கைக்குச் சொல்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். 2018 மார்ச்சில் கார்ன்வாலில் லான்ஹைட்ராக் என்ற பழைய மாளிகையில் அன்னையர் தின க்ரீம் டீக்காக ஒரு படம் போட்டார்கள், அதில் க்ரீமுக்கு மேல் ஜாம் இருந்தது. எங்கள் மண்ணிலேயே டெவன் முறையா என்று ஊரே கொதித்து, மாளிகையை நிர்வகிக்கும் நேஷனல் ட்ரஸ்ட் மன்னிப்புக் கேட்டது. டெவன் கட்சியின் வாதம், க்ரீம் என்பது வெண்ணெய்க்குப் பதில், வெண்ணெய் தடவித்தானே ஜாம் தடவுவோம் என்பது. கார்ன்வால் கட்சியின் வாதம், சூடான ஸ்கோனில் க்ரீமை நேராக வைத்தால் உருகி ஓடிவிடும் என்பது. நான் டெவனில் வரி கட்டுகிறவள், ஆனாலும் கார்ன்வால் பக்கம்தான். ஸ்கோனைச் சூடாகச் சாப்பிட வேண்டும் என்று இவ்வளவு தூரம் எழுதிவிட்டு வேறு என்ன சொல்ல முடியும்? கூடத்தில் மட்டும் வாயைத் திறப்பதில்லை.

உச்சரிப்பிலும் இரண்டு கட்சி. பாதிப்பேர் ஸ்கான் என்பார்கள், மற்றவர்கள் ஸ்கோன். ஸ்காட்லாந்திலும் வடக்கிலும் பெரும்பாலும் ஸ்கான். பெர்த் நகரத்துக்குப் பக்கத்தில் அதே எழுத்துகளில் ஒரு ஊர் இருக்கிறது, ஸ்காட்லாந்து அரசர்கள் முடிசூடிய கல் இருந்த இடம், 1296இல் முதலாம் எட்வர்ட் அந்தக் கல்லைத் தூக்கிக்கொண்டு போனார், 1996இல்தான் அது ஸ்காட்லாந்துக்குத் திரும்பி வந்தது. அந்த ஊர் ஸ்கூன். ஆங்கிலத்தில் மூன்றுக்கும் ஒரே எழுத்து, தமிழில் எழுதினால் மூன்றும் தெளிவாக வேறு வேறு. இதை நம் மொழியில் எழுதும்போது கிடைக்கும் ஒரு சின்ன வசதி.

டீயைப் பற்றி ஒன்று. ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1867இல் கண்டிக்குப் பக்கத்தில் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டதுதான் இலங்கைத் தேயிலைத் தொழிலின் ஆரம்பம். காப்பித் தோட்டங்கள் இலைநோயில் அழிந்த பிறகு மலையெங்கும் தேயிலை பரவியது. அந்த மலைகளில் காடு வெட்டியதும் கொழுந்து கிள்ளியதும் நம் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போன தமிழர்கள், அவர்கள் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். கூடத்தில் பெரிய கெண்டியில் டீ ஊற்றும்போது டப்பாவில் சிலோன் என்று பார்த்தால் கை கொஞ்சம் நிதானிக்கும். ஒரு தடவை அந்தக் கதையைச் சமையலறையில் சொன்னேன். யாரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. நாள் கூலி எவ்வளவு இருக்கும் என்று ஜாம் பெண்மணி கேட்டார், சொன்னேன், அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும்தான் இருந்தது.

நம் ஊரில் செய்ய நினைப்பவர்களுக்கு: செல்ஃப் ரெய்சிங் மாவைத் தேடி அலைய வேண்டாம். 150 கிராம் மைதாவுக்கு இரண்டு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், இரண்டு தடவை சலித்துக் கலந்தால் போதும். பேக்கிங் பவுடர் பழசாக இருந்தால் எழும்பாது, கொஞ்சம் எடுத்து வெந்நீரில் போட்டுப் பாருங்கள், பொங்கினால் சரி. நம் வெயிலில் வெண்ணெய்தான் பிரச்சினை, ஆகவே வெட்டிய வெண்ணெய், மாவு, பாத்திரம் எல்லாவற்றையும் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு மின்விசிறிக்குக் கீழே நின்று பிசிறுங்கள். க்ரீமுக்கு, பெட்டியில் வரும் 25 சதவீதக் கொழுப்பு க்ரீமைக் காய்ச்சி ஏமாற வேண்டாம், திரளாது. நல்ல எருமைப்பால் கிடைத்தால் அகலப் பாத்திரத்தில் மிகச் சின்னத் தீயில் ஒரு மணி நேரம் காய்ச்சி, மூடாமல் ஆறவிட்டு, ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்து ஆடையை எடுங்கள். அச்சு அசலாக அதே பதம் வராது, ஆனால் டப்பா க்ரீமை விட ஆயிரம் மடங்கு மேல்.

என்னுடைய அந்த இருபத்துநாலு ஸ்கோன் என்ன ஆயிற்று என்று சொல்லவில்லையே. ஐந்து மணிக்கு எல்லோரும் போனபிறகு, மேஜை துடைத்து, நாற்காலிகளை அடுக்கி முடித்ததும், அந்த அம்மா என் டப்பாவைத் திறந்தார். ஒவ்வொன்றையும் குறுக்கே இரண்டாக வெட்டி, வெட்டிய பக்கம் மேலே பார்க்கக் க்ரில்லில் வைத்து, ஓரம் சிவந்ததும் உப்பு வெண்ணெயை வழித்துத் தடவினார். கழுவித் துடைத்துக் களைத்துப்போன ஆறு பெண்கள் நின்றுகொண்டே சாப்பிட்டோம், க்ரீமும் இல்லை, ஜாமும் இல்லை. ஒன்றுகூட மிஞ்சவில்லை. இப்போதும் வீட்டில் மிஞ்சினால் ஞாயிற்றுக்கிழமை காலையில் தோசைக்கல்லைக் காய வைத்து அப்படித்தான் செய்கிறேன், என் பெண் அதற்கு மிளகாய்ப் பொடி கேட்பாள்.